மழைநாள்ல எடுத்த படம் இருக்கா?

"வணக்கம் சார். ரெண்டு வருஷமா லீவு நாள்ல எங்க ஊரையும் சுத்தியிருக்கற வயல், குளத்தையும் போன்லயே படம் எடுத்துட்டு வரேன். இப்ப மிரர்லெஸ் கேமரா வாங்கலாமா? மழைக்காலத்துல வெளிச்சம் சரியில்ல, எல்லாம் டல்லா வருது, அதனால அந்த மூணு மாசம் எடுக்கறதில்ல. லைக்கும் குறைஞ்சுபோச்சு. - கே."

அன்புள்ள கே.,

கேமரா ஆசையா இருந்தா வாங்குங்க, இல்லாட்டி போனே போதும். லைக் பத்தி பேச எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா "அந்த மூணு மாசம் எடுக்கறதில்ல"ன்னு போற போக்குல எழுதிட்டீங்களே, அத படிச்சதுல இருந்து மனசு ஆறல, ஏன்னா ஒரு வாரமா நானும் இதே நெனப்புலதான் கெடக்கேன்.

நான் தினம் போற வழியில ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. வருஷக்கணக்கா எடுத்திருக்கேன், எல்லாமே சாயங்காலம், வானம் செவந்து மரம் கருப்பா நிக்கற படம். மழை வந்தா லென்ஸ்ல ஃபங்கஸ் பிடிச்சிடும்னு கேமராவ சிலிக்கா ஜெல்லோட டப்பாவுல வச்சு மூடிடுவேன். அந்த மரத்தடிக்கு மழைக்காலத்துல மட்டும் குடை ரிப்பேர் பண்ற பெரியவர் ஒருத்தர் வருவார். நூல வாயில கடிச்சுக்கிட்டு, வளைஞ்ச கம்பிய தொடையில வச்சு ரெண்டு கட்டவிரலாலயும் மெதுவா நிமித்துவார்.

போன வாரம் அவர் பையன் வந்தான். "அப்பா போயிட்டாருங்க, ஒரு படம்கூட இல்ல, நீங்கதான் எப்பவும் கேமராவோட இங்க நிப்பீங்களே"ன்னான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹார்ட் டிஸ்க்க தேடினேன். சீசன் ஆரம்பத்துல எடுத்த ஒரே ஒரு படம் கெடைச்சுது, மரத்தடியில கருப்பா ஒரு உருவம், பக்கத்துல குடைக்கம்பி ரெண்டு. கம்ப்யூட்டர்ல ஷேடோவ, அதாவது இருட்டா இருக்கற பாகத்த, ஏத்தி ஏத்தி பாத்தேன், புள்ளி புள்ளியா நாய்ஸ்தான் வந்துச்சு. முகம் வரவே இல்ல.

வெளிச்சம் சரியில்லன்னு யார் தம்பி உங்களுக்கு சொன்னது? மேகம் மூடின வானம் முழுக்க ஒரே பெரிய விளக்கு மாதிரி, எல்லாப் பக்கமும் வெளிச்சம் பரவி வரும், கண்ணுக்கு கீழ கருப்பு நிழல் விழாது, மனுஷ முகம் எடுக்க அத விட நல்ல வெளிச்சம் எது? டல்லா வருதுன்னா ஒயிட் பேலன்ஸ, அதான் வெளிச்சத்தோட நிறத்த சரிபண்ற செட்டிங்க, ஆட்டோவுல விட்டிருப்பீங்க, அது மழைநாளோட நீலத்தையும் சாயங்கால மஞ்சளையும் இழுத்து இழுத்து நடுவுல கொண்டுவரப் பாக்கும். அத டேலைட்டுல, அதாவது பகல் வெளிச்சத்துக்கான சுமார் 5500 கெல்வின்ல (வெளிச்சத்தோட நிறத்த அளக்கற அளவு) நிறுத்திட்டு வருஷம் பூரா மாத்தாதீங்க. அப்பதான் ஒரே குளம் மாசத்துக்கு ஒரு நிறம் காட்டும்.

யோசெஃப் சுடெக்னு ஒரு செக் நாட்டு போட்டோகிராஃபர், முதல் உலகப்போர்ல வலது கைய இழந்தவர், பிராக் நகரத்துல தன்னோட ஸ்டூடியோ ஜன்னல 1940-லேருந்து 1954 வரைக்கும் எடுத்துக்கிட்டே இருந்தார். கண்ணாடியில ஆவி படிஞ்ச நாள், பனி உறைஞ்ச நாள்னு எதையும் விடல. ஒத்தக் கையோட, தூக்கவே கஷ்டமான பெரிய கேமராவ வச்சு எடுத்தார். உங்க போன் பாக்கெட்டுல இருக்கு, அதுக்கு மூணு மாசம் லீவா?

கோவமா எழுதிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. நீங்க அனுப்பின குளத்துப் படம் அழகாத்தான் இருக்கு, ஆனா அதுல ஒரு ஆள்கூட இல்ல. அடுத்த மழைக்கு அந்தக் கரையில யார் யார் வராங்களோ அவங்கள கேட்டுக்கிட்டு எடுங்க, தேதி போட்டு வைங்க. மங்கலா இருந்தாலும் பரவால்ல, எனக்கு ஒண்ணு அனுப்புங்க.