குட்டி நிட்டிங் பொம்மை: காசு போடறதுக்கு முன்னாடி சில கேள்விகள்

உள்ளங்கைல அடங்கற சைஸ்ல தொப்பி போட்ட நத்தை, ஸ்கார்ஃப் கட்டின காளான், மீசை வெச்ச கத்திரிக்கான்னு பின்றவங்க ஜாஸ்தியாயிட்டாங்க போல, இந்த தடவை வந்த கேள்வி எல்லாமே அதைப் பத்திதான். எதை வாங்கறது, எதை வாங்கக் கூடாதுங்கறதை மட்டும் பார்ப்போம்.

கேள்வி: அக்கா, குட்டி பொம்மை பின்ற கிட் ஒண்ணு விளம்பரத்துல பார்த்தேன். கிட்டை நாம காசு குடுத்து வாங்கணுமாம், பின்னி அனுப்பினா அவங்களே திரும்ப வாங்கிப்பாங்களாம், வீட்ல இருந்தே வருமானம்னு போட்டிருக்கு. சேரலாமா?

வேண்டாம். இது ரொம்ப பழைய வித்தை, முன்னாடி கவர் ஒட்டற வேலை, மணி கோக்கற வேலைன்னு வந்துச்சு, இப்ப பொம்மை வேஷம் போட்டு வருது. நீங்க பின்னி அனுப்பினதும் "தரம் பத்தலை, தையல் ஒரே சீரா இல்லை"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, ஏன்னா அவங்களுக்கு லாபமே கிட் வித்ததுலதான், பொம்மைய வாங்கி அவங்க எங்க கொண்டு போய் விக்கப்போறாங்க? நிஜமாவே வேலை குடுக்கறவங்க நூலும் பேட்டர்னும் (எப்படி பின்னணும்னு எழுதின குறிப்பு) அவங்களே குடுத்து கூலியும் குடுப்பாங்க. வேலைக்கு சேர நீங்க பணம் கட்டணும்னு சொன்னாலே நகர்ந்துடுங்க. பொழுதுபோக்குக்கு கிட் வாங்கறதுல தப்பே இல்ல, ஆனா அது செலவு, முதலீடு இல்ல.

கேள்வி: ஆரம்பிக்க என்னென்ன வாங்கணும்? ஒரு வீடியோல 40 கலர் நூல், 30 ஊசி செட்னு காட்டறாங்க.

அந்த வீடியோவை மூடிட்டு ஒரே ஒரு ஊசி செட் வாங்குங்க, ரெண்டு பக்கமும் கூரா இருக்கற ஸ்டீல் ஊசி, 5 ஊசி கொண்ட செட், 2 அல்லது 2.25 மில்லிமீட்டர். நீளம் 15 செ.மீ. போதும், அதுக்கு மேல நீளமா இருந்தா குட்டி பொம்மைல ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கிட்டு உயிரை வாங்கும். மூங்கில் ஊசி பெரிய சைஸ்ல அருமையா இருக்கும், ஆனா இவ்ளோ மெல்லிசுல டைட்டா பின்னும்போது படக்னு உடையும்.

வாங்கும்போது நம்பரை நம்பாதீங்க, மில்லிமீட்டர் மட்டும் பாருங்க. அமெரிக்க கணக்குல நம்பர் 10 ஊசின்னா 6 மி.மீ., பழைய பிரிட்டிஷ் கணக்குல அதே நம்பர் 10 வெறும் 3.25 மி.மீ. ஒண்ணுல நம்பர் ஏற ஏற தடிமன் கூடும், இன்னொண்ணுல குறையும். ஆன்லைன்ல நம்பர் மட்டும் போட்டு மி.மீ. போடாம விக்கறவங்ககிட்ட வாங்கினா ரிட்டர்ன் போடறதுதான் உங்க முழுநேர வேலையா இருக்கும்.

நூல் 4 ப்ளை எடுங்க, மெல்லிசு நூல் வகை அது. லேபிள்ல 3.25 மி.மீ. ஊசின்னு போட்டிருக்கும், அது ஸ்வெட்டருக்கு. பொம்மைக்கு ரெண்டு மூணு சைஸ் கீழ இறங்கி டைட்டா பின்னணும், இல்லேன்னா உள்ள இருக்கற பஞ்சு வெளிய பல்லைக் காட்டும். கம்பளி கொஞ்சம் இழுபடும், தப்பை மறைச்சுக் குடுக்கும், காட்டன் இழுபடவே இழுபடாது, விரல் வலிக்கும், ஆனா ஒவ்வொரு கண்ணியும், அதாவது பின்னல்ல வர்ற ஒவ்வொரு வளையமும், தெளிவா தெரியும். முதல்ல கம்பளியோ அக்ரிலிக்கோ எடுத்துக்கங்க. 4 ப்ளைல 50 கிராம் உருண்டைன்னா ஏறக்குறைய 200 மீட்டர் வரும், அஞ்சு செ.மீ. பொம்மைக்கு சில கிராம்தான் போகும், அதனால பெரிய உருண்டையா கலர் கலரா வாங்கி அடுக்காம 10, 20 கிராம் குட்டி நூல்கண்டா வாங்குங்க. ஒரே கலரை திரும்ப வாங்க வேண்டி வந்தா லேபிள்ல டை லாட் நம்பர் (எந்த தடவை சாயம் போட்டதுங்கற நம்பர்) அதேதானான்னு பாருங்க, லாட் மாறினா உடம்பு ஒரு ஷேடு காது ஒரு ஷேடுன்னு ஆயிடும். உள்ள அடைக்க பாலியஸ்டர் பஞ்சு, அதையும் நல்லா பிச்சுப் பிச்சு அடைங்க. அப்புறம் 0.1 கிராம் வரைக்கும் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு, எவ்ளோ நூல் போச்சுன்னு கணக்கு வைக்க. வேற எதுவும் இப்ப வேண்டாம்.

கேள்வி: பிடிஎஃப் பேட்டர்ன் ஒண்ணு வாங்கினேன், படத்துல இருக்கற நரிக்குட்டி அவ்ளோ அழகு, பின்னிப் பார்த்தா உருளைக்கிழங்கு மாதிரி வருது. என் தப்பா?

அனேகமா உங்க தப்பு இல்ல. ஏஐ போட்டுக் குடுத்த படத்தை வெச்சு பேட்டர்ன் விக்கறது இப்ப ஒரு தொழிலாவே நடக்குது. வாங்கறதுக்கு முன்னாடி படத்தை பெருசாக்கிப் பாருங்க, நிட்டிங்னா வி வி வியா வரிசை ஓடிக்கிட்டே இருக்கணும், நடுவுல வரிசை கரைஞ்சு காணாம போனாலோ, நிட்டிங்னு சொல்லிட்டு படத்துல குரோஷே (ஒத்தைக் கொக்கி ஊசில போடற) தையல் இருந்தாலோ விட்டுடுங்க. ஒரே கோணத்துல ஒரே படம்தான் இருக்கா, பின்பக்கம் எங்க? 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, நூல் எத்தனை மீட்டர், முடிச்சா உயரம் எவ்ளோங்கற விவரம் வாங்கறதுக்கு முன்னாடியே தெரியணும். மத்தவங்க பின்னி முடிச்ச போட்டோ இருக்கான்னு தேடுங்க, 2007ல ஆரம்பிச்ச ராவல்ரி மாதிரி நிட்டிங் சைட்ல பேட்டர்ன் பேரைப் போட்டா மத்தவங்க பின்னினது வரிசையா வரும். டிஜிட்டல் ஃபைலுக்கு ரீஃபண்ட் கிடையாதுன்னு நிறைய பேர் போட்டிருப்பாங்க, இருந்தாலும் படம் போலின்னு ஸ்கிரீன்ஷாட்டோட எழுதிக் கேளுங்க, பொருள் சொன்ன மாதிரி இல்லங்கறது வேற விஷயம், பிடிக்கலைங்கறது வேற விஷயம்.

கேள்வி: வாங்கின பேட்டர்ன்ல பின்னி விக்கலாமா?

பேட்டர்ன் கடைசி பக்கத்துல எழுதியிருக்கும், படிங்க. சிலர் கையால பின்னி விக்க விடுவாங்க, பேரை மட்டும் போடச் சொல்லுவாங்க, சிலர் கூடவே கூடாதும்பாங்க. எழுதலேன்னா மெயில் போட்டு கேட்டு அந்த பதிலை பத்திரமா வெச்சுக்கங்க. பேட்டர்ன் ஃபைலை காப்பி எடுத்து விக்கறது மட்டும் எங்கயும் ஆகாது.

கேள்வி: சின்னக் குழந்தைங்களுக்கு விக்கலாம்ல? சேஃப்டி ஐதான் (பின்னால வாஷர் போட்டு பூட்டற பிளாஸ்டிக் கண்ணு) வெச்சிருக்கேன்.

இங்கதான் நிறைய பேர் அசால்ட்டா இருக்காங்க. கண்ணை விடுங்க, பொம்மையே முழுசா தொண்டைல அடைக்கற சைஸ்! அமெரிக்கால மூணு வயசுக்குள்ள குழந்தைங்களோட பொம்மைக்கு ஒரு உருளை சோதனை உண்டு, 31.7 மி.மீ. விட்டம், சாய்வான அடிப்பாகம், ஆழம் 25.4ல இருந்து 57.1 மி.மீ. வரைக்கும், அழுத்தாம உள்ள போட்டா முழுசா அடங்கற எதுவும் ஃபெயில். நீங்க பின்ற நத்தை நேரா உள்ள போயிடும். சேஃப்டி ஐன்னு பேர்தான், பின்னல் இழுபட்டா வாஷரோட சேர்ந்து ஓட்டை வழியா வந்துடும், அதுக்கு பதிலா கறுப்பு நூல்ல கண்ணு தைங்க, இந்த சைஸுக்கு அழகும் அதுதான்.

"3 வயசுக்குக் கீழ கூடாது"ன்னு டேக் மாட்டினா போதும்னும் நினைக்காதீங்க. ஐரோப்பால பஞ்சு அடைச்ச, அணைச்சு வெச்சுக்கற மாதிரி சாதாரண பொம்மைய சின்னக் குழந்தைக்கானதுன்னுதான் எடுத்துப்பாங்க, டேக்ல என்ன எழுதியிருந்தாலும். ஐரோப்பால இஎன் 71, அமெரிக்கால ஏஎஸ்டிஎம் எஃப்963ன்னு தரம் இருக்கு, உங்க நாட்ல என்ன, வாங்கறவங்க நாட்ல என்னன்னு பார்த்துட்டு வில்லுங்க. வாங்கறவங்களும் இதைக் கேளுங்க, கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு குட்டி பொம்மை கிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: இதை முழுநேரத் தொழிலா பண்ண முடியுமா? டிசைனிங் கோர்ஸ் சேரட்டுமா?

முதல்ல கணக்கு. ஒரு பொம்மைக்கு நூல் மூணு கிராம், நேரம் நாலு மணின்னு வெச்சுக்கங்க. நூலை எவ்ளோ சீப்பா வாங்கினாலும் உங்க விலைல பெருசா மாறாது, ஏன்னா செலவே நேரம்தான், நிறைய பேர் நூல் காசை ரெண்டால பெருக்கி விலை வெச்சுட்டு வருஷக்கணக்கா சும்மா உழைச்சிக்கிட்டு இருக்காங்க. நாலு மணி நேரக் கூலியை போட்டா வாங்கறவங்க முகம் சுளிக்கறாங்கன்னா, பின்னின பொம்மைய மட்டும் வித்து பொழைக்கறது கஷ்டம்னு அர்த்தம். அதனாலதான் இதுல நிக்கறவங்க பேட்டர்ன் பக்கம் போறாங்க, ஒரு தடவை எழுதினா திரும்பத் திரும்ப விக்கலாம், ஆனா அதுக்கும் கண்ணி எண்ணிக்கை சரிபார்க்கற டெக் எடிட்டர், பின்னிப் பார்த்து சொல்ற டெஸ்ட் நிட்டர்னு வேலை இருக்கு. டெக் எடிட்டருக்கு குடுக்கற காசு, கோர்ஸுக்கு குடுக்கறதை விட உருப்படி.

சினிமா பக்கமும் வழி இருக்கு, அபூர்வம்தான். ஆல்தியா குரோம்னு ஒரு அமெரிக்கக் கலைஞர், 2009ல வந்த ஒரு ஸ்டாப்-மோஷன் (பொம்மைய கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி எடுக்கற) படத்துல பொம்மை போட்டுக்கற ஸ்வெட்டரும் கையுறையும் அவங்க பின்னினது.

கோர்ஸ்னா, முழுப் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு பாடம் இலவசமா காட்டச் சொல்லுங்க, டீச்சர் சொந்தமா டிசைன் பண்ணினது எங்க விக்குதுன்னு கேளுங்க, "சர்டிஃபிகேட் தர்றோம்"ங்கறதுக்கு மயங்காதீங்க, பொம்மை வாங்கறவங்க யாரும் சர்டிஃபிகேட் கேக்கறதில்ல. டிசைன் கத்துக்க பின்னி பின்னி அவுக்கறதுதான் வழி. இந்த சைஸ்ல ஒரு கண்ணியே கிட்டத்தட்ட 3 மி.மீ., மூணு செ.மீ. முகத்துல கண்ணை ஒரு கண்ணி கீழ இறக்கினா சாதுவா இருந்த பூனை திருட்டுப் பூனை ஆயிடும், அந்த விளையாட்டு புடிச்சிருக்கா உங்களுக்கு? புடிச்சிருந்தா இருக்கற வேலையை விடாம ஆரம்பிங்க.

கேள்வி: கையால சுத்தற நிட்டிங் மெஷின் வாங்கினா சீக்கிரம் முடியுமா?

22 ஊசி, 48 ஊசின்னு விக்கற அந்த வட்ட மெஷின்தானே? அது தடி நூல்ல குழாயா பின்னும், தொப்பிக்கும் பெரிய பொம்மைக்கும் சரி. அதுல வர்ற சின்னக் குழாயே உங்க நத்தைக்கு பெட்ஷீட் ஆயிடும். வாங்காதீங்க.