மூன்றாவது நிழல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் இரண்டு ஊர் நிழல்களை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “பூமி தட்டை, சூரியன் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அதே நிழல்தானே விழும்?” என்று கேட்டார். வரைந்து பார்த்தேன், அவர் சொல்வதும் சரியாகத்தான் வருகிறது. அப்படியானால் அந்த அளவை எதை நிரூபிக்கிறது?

க.

அன்புள்ள க.,

நண்பர் கேட்டது நல்ல கேள்வி. நீங்கள் அதை வரைந்தே பார்த்துவிட்டது எனக்கு இன்னும் மகிழ்ச்சி. ஆம், இரண்டு நிழல்களை மட்டும் வைத்துப் பூமி உருண்டை என்று சொல்லிவிட முடியாது. எரட்டோஸ்தனீஸ் அதற்காக அளக்கவும் இல்லை. சந்திர கிரகணத்தில் நிலவின் மேல் விழும் பூமியின் நிழல் எப்போதும் வளைந்தே இருக்கிறது, வடக்கிலோ தெற்கிலோ சற்றுத் தூரம் போனாலே தெரியும் விண்மீன்கள் மாறுகின்றன என்று அவருக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதிவிட்டார். உருண்டை என்பதையும், சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் கதிர்கள் இணையாக வருகின்றன என்பதையும் முதலிலேயே எடுத்துக்கொண்டுதான் எரட்டோஸ்தனீஸ் கணக்கைத் தொடங்கினார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அளவு மட்டுமே. எகிப்தின் தெற்கே இருந்த சையீனில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் கோடை நண்பகலில், வடக்கே அலெக்சாண்ட்ரியாவில் அது உச்சியிலிருந்து வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை, விலகி நின்றது. ஊர்களுக்கு இடையே 5,000 ஸ்டேடியா (கிரேக்கத் தூர அளவு). ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா.

இதே கோணத்தைத் தட்டைப் பூமியில் போட்டுப் பாருங்கள். இடைத்தூரத்தை 800 கிலோமீட்டர் என்று கொண்டால், சூரியன் சுமார் 6,300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக வரும். பூமியின் ஆரம் 6,371. இவ்வளவு நெருங்கி வருவது தற்செயல் அல்ல. கோணம் சிறியதாக இருக்கும்வரை இரண்டு தரப்பும் போடுவது ஏறக்குறைய ஒரே வகுத்தல்தான்; வந்த விடையை ஒருவர் ஆரம் என்கிறார், மற்றவர் சூரியனின் உயரம் என்கிறார்.

வழக்கைத் தீர்க்க இன்னும் தள்ளி நட்ட கோல்கள் வேண்டும். சம இரவு நாளில் நிலநடுக்கோட்டில் சூரியன் உச்சியில் நிற்கும். அங்கிருந்து நேர் வடக்கே மூன்று இடங்களில் 1 மீட்டர் கோல் நடுவோம். 30 பாகை அட்சரேகையில், அதாவது 3,340 கிலோமீட்டர் தள்ளி, நண்பகல் நிழல் 58 செ.மீ. இருக்கும். 45 பாகையில், 5,000 கிலோமீட்டரில், நிழல் சரியாக 1 மீட்டர். 60 பாகையில், 6,670 கிலோமீட்டரில், 1.73 மீட்டர். தட்டைப் பூமிக் கணக்கில் சூரியனின் உயரம் என்ன? தூரத்தை நிழலால் வகுக்க வேண்டியதுதான். முதல் கோல் சுமார் 5,780 கிலோமீட்டர் என்கிறது, இரண்டாவது 5,000, மூன்றாவது 3,850. ஒரே சூரியன் ஒரே நாளில் மூன்று உயரங்களில் நிற்க முடியாது. உருண்டையில் போட்டால் மூன்றும் ஒரே ஆரத்தைத் தருகின்றன. உங்கள் நண்பரிடம் இதைத்தான் காட்டச் சொல்வேன்.

பண்டைச் சீனத்தில் நண்பரின் கணக்கை நிஜமாகவே போட்டிருக்கிறார்கள். பூமி தட்டை, 8 சீன அடிக் கோலின் நிழல் 1,000 லீ (சீனத் தூர அளவு) தூரத்துக்கு ஒரு சீன அங்குலம் மாறும், பத்து அங்குலம் ஓர் அடி. ஆகவே சூரியன் 80,000 லீ உயரத்தில் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. கி.பி. 724-இல், தாங் அரசர் காலத்தில், யி ஷிங் என்ற பௌத்தத் துறவியின் முயற்சியில் வடக்கு தெற்காகப் பல இடங்களில் கோல் நட்டு அளந்தார்கள். அந்த விதி நிற்கவில்லை. நிழல் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் மாறவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் அவர்கள் உருண்டை என்ற முடிவுக்குப் போகவில்லை என்பது எனக்குத் தீராத வியப்பு. அளவுகள் கையில் இருந்தன. அவற்றை வைத்துப் பார்க்க ஒரு வடிவம்தான் மனதில் இல்லை.

சரி, நீங்களே செய்து பார்ப்பதென்றால் சில விஷயங்கள். வடக்கு தெற்காக வெகுதூரம் தள்ளித் தள்ளி இருக்கும் நண்பர்களைப் பிடியுங்கள். தூரம் குறைந்தால் வித்தியாசம் அளவைப் பிழைக்குள் மறைந்துவிடும். கோல் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக் குண்டு வைத்துப் பாருங்கள். நிழலின் நுனி கூர்மையாக விழாது. சூரியன் வானில் அரைப் பாகை அகலம் இருப்பதால், 58 செ.மீ. நிழலில் கடைசி 1 செ.மீ. மங்கலாகவே இருக்கும். அந்த மங்கலின் நடுவைக் குறியுங்கள். கடிகாரத்தில் 12 மணியை நம்ப வேண்டாம்; பதினொன்றரையிலிருந்தே சில நிமிடங்களுக்கு ஒருமுறை நுனியைக் குறித்துக்கொண்டே வந்து, நிழல் மிகக் குறுகியதை எடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய அந்த நேரத்தையும் எழுதி வையுங்கள்; இடங்கள் நேர் வடக்கு தெற்காக இருக்கின்றனவா என்று அது சொல்லும். இருவரின் குறிப்புக்கும் இடையே 4 நிமிடம் வித்தியாசம் இருந்தால், கடிகாரங்கள் ஒத்திருக்கும்பட்சத்தில், அவர்கள் ஒரு பாகை தீர்க்கரேகை தள்ளி இருக்கிறார்கள்.