நேர மண்டலம் என்றால் என்ன? வேறொரு நாட்டின் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒரே கடிகார நேரத்தைப் பின்பற்றும் நிலப்பகுதிதான் நேர மண்டலம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது மணிக்கு 15 பாகை. அதனால் கிழக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடும். முன்பு ஊருக்கு ஊர் தனி நேரம் இருந்தது. ரயில் ஓடத் தொடங்கியதும் அது சரிப்பட்டு வரவில்லை.

எல்லையை முடிவு செய்வது சூரியன் மட்டுமல்ல, அரசாங்கமும்தான். அவ்வளவு அகலமான சீனா முழுவதற்கும் ஒரே நேரம்! நேபாளமோ, எல்லா நாடுகளின் நேரத்துக்கும் அடிப்படையான உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 45 நிமிடம் முன்னால் இருக்கிறது.

உலகப் பொது நேரத்தை (யூடிசி) ஒரு கட்டடத்தின் தரைத்தளமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடிக்கு ஒரு மணி நேரம். டோக்கியோ 9ஆவது மாடி, துபாய் 4ஆவது மாடி. டோக்கியோவில் செவ்வாய் அதிகாலை 2 மணி என்றால், அதிலிருந்து 9 மணி நேரத்தைக் குறைத்துத் தரைக்கு இறங்குங்கள்: திங்கள் மாலை 5. அதில் 4 கூட்டினால் துபாயில் திங்கள் இரவு 9. மணியைச் சரியாகப் போட்டுவிட்டுக் கிழமையைக் கோட்டைவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

சில நாடுகளில் மாடியே மாறும். நியூயார்க் குளிர்காலத்தில் தரைக்குக் கீழே 5, கோடையில் 4. ஆகவே தேதியையும் பார்த்துக் கணக்கிடுங்கள்.

லண்டன் கடிகாரம் எப்போதும் கிரீன்விச் நேரத்தையே, அதாவது தரைத்தள நேரத்தையே, காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கோடையில் அதுவும் ஒரு மணி நேரம் முன்னால்தான் ஓடுகிறது.