பழைய எஞ்சின் ஆயிலும் வெறுங்கையும்

கேள்வி: என் பைக்கிற்கு நானே வீட்டில் எஞ்சின் ஆயில் மாற்றுகிறேன். மெக்கானிக்குகள் பலர் வெறுங்கையால்தானே செய்கிறார்கள், கையுறை அவசியமா? மருந்துக் கடை ரப்பர் கையுறை போதுமா?

பதில்: அவசியம் என்றே சொல்வேன். புதிய ஆயிலைவிட, வண்டியிலிருந்து வடிக்கும் பழைய ஆயிலே கவலைக்குரியது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்னும் வேதிப்பொருள்கள் வண்டி ஓட ஓட அதில் சேர்கின்றன, அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. எப்போதாவது விரலில் பட்டதற்காக அஞ்ச வேண்டாம். ஆண்டுக்கணக்கில் அதில் கை நனைக்கும் மெக்கானிக்குகளுக்கே ஆபத்து மிகுதி. இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில், கனிம எண்ணெய் ஊறிய உடையுடன் உழைத்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் பட்டறைப் பழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அதுவே நினைவுக்கு வருகிறது.

இயற்கை ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறி உப்பிக் கிழிந்துவிடும். நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறைதான் தாங்கும். ஆனால் மெல்லிய நைட்ரைல் சூட்டைத் தடுக்காது என்பதால், எஞ்சினைச் சற்று ஆறவிட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். தோலில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவ வேண்டாம், அவை தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் சேர்த்து நீக்கிவிடும்.