கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி கொடுக்கலாமா? நெல்லைச் சீமைக் கேள்விகளுக்கு என் பதில்கள்

பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கிறேன், கஞ்சா வழக்குகளும் எடுப்பதுண்டு. "அண்ணாச்சி, அனுமதித்தால்தான் என்ன?" என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

பேட்டையில் இருந்து ஒரு கல்லூரி மாணவர்: அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துக்குக் கஞ்சா வரி கொட்டுகிறதே, நாம் ஏன் விடவேண்டும்?

கொட்டியது உண்மைதான் தம்பி. அங்கே கடை திறந்தது 2014 ஜனவரியில். 2021-ல் 40 கோடி டாலருக்கு மேல் வரி வந்தது. 2023-ல் அது 30 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது. விலை சரிந்தது, பக்கத்து மாநிலமும் கடை திறந்தது.

என் பயம் வேறு. மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் 2003-ல் கையில் எடுத்தது. 2023-24-ல் மது மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்தப் பணத்தை நம்பி பட்ஜெட் போட்டுப் பழகிய பிறகு, எந்தக் கட்சி வந்தாலும் கடைகளை மொத்தமாக மூட மனசு வரவில்லை. கஞ்சாவிலும் அதே கதைதான் நடக்கும். ஆகவே கடை வேண்டாம் என்பதே என் கட்சி.

ஆலங்குளத்தில் இருந்து ஓர் அக்கா: என் மகன் சட்டைப்பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டான். வாழ்க்கையே போச்சா?

போகவில்லை அக்கா, தைரியமாக இருங்கள். 1985-ம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 'சிறிய அளவு'. அதற்கு அதிகபட்சம் ஒரு வருடச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் என்றால்தான் குறைந்தபட்சமே பத்து வருடம். அடிமையாகிவிட்டவன் தானே முன்வந்து சிகிச்சை எடுத்தால், சிறிய அளவு வழக்கில் விலக்குப் பெற 64ஏ பிரிவில் வழி இருக்கிறது. இதை உங்கள் வக்கீலிடம் நீங்களே கேளுங்கள். கோர்ட்டில் யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். பீடி சுற்றிச் சேர்த்த காசையும் கம்மலை அடகு வைத்த ரூபாயையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வரும் தாய்மாரைப் பார்க்கிறேன். பையன் வெளியே வந்துவிடுவான். ஆனால் பாஸ்போர்ட், போலீஸ் வேலை, வளைகுடா விசா என்று போகிற இடமெல்லாம் அந்த வழக்கு குறுக்கே நிற்கும். லாரியில் மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவனைச் சட்டம் பிடிக்கட்டும், நன்றாகவே பிடிக்கட்டும். இழுத்தவனை மட்டும் குற்றவாளி ஆக்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

முக்கூடலில் இருந்து ஒரு பெரியவர்: சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிற ஊர் இது. இதில் மட்டும் ஒழுக்கம் பேசலாமா?

ஐயா, சாமிக்குப் படைப்பது கோயில் கொடைத் திருவிழா அன்றைக்கு, ஊரே கூடி நிற்கும்போது. பதினாறு வயசுப் பையன் தினமும் டியூஷன் முடிந்து தனியாக இழுப்பதை அதோடு சேர்க்காதீர்கள். வெள்ளைக்காரன் 1893-94-ல் கஞ்சாவுக்கென்றே ஒரு கமிஷன் வைத்தான். அளவாகப் பயன்படுத்தினால் பெரிய கேடு இல்லை, தடை செய்யாமல் வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்றது அது. அந்த அறிக்கையை மதிக்கிறேன். ஆனால் வளரும் மூளைக்கு இது கெடுதல் என்று இன்றைக்கு மருத்துவம் சொல்கிறது, அதையும் மதிக்கத்தானே வேண்டும்?

தென்காசியில் இருந்து ஒருவர்: தாய்லாந்தில் கஞ்சாவை அனுமதித்தார்களே, அது என்ன ஆச்சு?

2022-ல் திறந்துவிட்டார்கள். ஊரெங்கும் கடை முளைத்தது. 2025-ல் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

பாளையில் இருந்து ஒரு சித்த மருத்துவ மாணவி: மருந்துக்காவது அனுமதிக்கக் கூடாதா அண்ணாச்சி?

மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டம் இப்போதே இடம் வைத்திருக்கிறது, உரிமம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த உரிமத்தைச் சீக்கிரமாகக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டால், மனு எழுதித் தர நான் தயார். பீஸ் வேண்டாம்.