கிளினிக் அட்டைக்கு வீட்டுக்காரரின் கடிதம் தேவையில்லை

கேள்வி: நாங்கள் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள். மட்டக்குளியில் ஓர் அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கணவருக்குத் துறைமுகப் பக்கம் நாட்கூலி வேலை. மூத்தவன் இந்தியாவில் பிறந்தவன், இரண்டரை வயது. எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். வீட்டுக்காரர் எந்தக் கடிதமும் தரமாட்டேன் என்கிறார். கிராம சேவகரிடம் போனால் ஒரு கிழமையில் வீட்டை விட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வீடு பார்த்துத் தந்த தரகர் 18,000 ரூபாய் கொடுத்தால் வதிவிடச் சான்றிதழ், கிளினிக் அட்டை இரண்டையும் எடுத்துத் தருவாராம். கொடுக்கலாமா?
— வாசகி, கொழும்பு 15

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தரகர் உங்களுக்கு விற்கப் பார்க்கும் இரண்டில் ஒன்று இலவசம். மற்றது அவரால் நேர்மையாக எடுத்துத் தர முடியாதது.

முதலில் கிளினிக். கர்ப்பிணித் தாயைப் பதிவு செய்யும் குடும்பநல மாது, நீங்கள் எந்தக் கூரையின் கீழ் உறங்குகிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கூரை யாருடையது என்பது அவருக்குத் தேவையில்லாத விடயம். முதல் இரண்டு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டிய பதிவு இது. நீங்கள் ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள். எனவே கடிதம், சான்றிதழ் என்ற மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு இந்தக் கிழமையே போங்கள்.

மட்டக்குளி களனி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பகுதிக்குள் வருகிறது. பாலத்தைத் தாண்டி ஹெந்தளையில் சொந்தக்காரர் இருக்கிறார், அங்கே பதியலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது வேறு சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவு; வீடு தேடி வரும் மாது உங்களைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். உங்கள் ஒழுங்கையில் கைக்குழந்தை உள்ள எந்த வீட்டிலும் கேளுங்கள், மாநகர சபைத் தாய் சேய் கிளினிக் எங்கே, எந்த நாளில் என்று சொல்வார்கள். அங்கே நிறை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகிய சோதனைகளுக்கு இரத்தம் எடுப்பார்கள். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளும் திரிபோஷ சத்துமாவும் கிடைக்கும். பிரசவத்துக்கு டி சொய்சா மகளிர் வைத்தியசாலையோ காசல் வீதி மகளிர் வைத்தியசாலையோ, இரண்டும் அரசாங்கத்தினுடையவை. எதற்கும் கட்டணம் இல்லை.

அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். வாசலில் இருக்கும் யாராவது "கிராம சேவகரின் கடிதம் எங்கே?" என்று கேட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். வைத்திய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே உட்காருங்கள். வீட்டு வாசலுக்கே போய்த் தாய்மாரைப் பார்க்கும் சேவை இது என்று இந்த நாடு உலகத்தின் முன் பெருமைப்படுகிறது. அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை அறை மாறும் வாடகைக் குடும்பங்கள் வாழும் ஒழுங்கைக்குள் வரும்போது அந்தச் சேவை தடுமாறுகிறது. தமிழ் பேசும் மக்கள் நெருக்கமாக வாழும் வட கொழும்பில் சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவத்தை நீட்டி, நிரப்பிக் கொண்டு வா என்பதை நான் இன்னும் பொறுத்துக்கொள்ளப் பழகவில்லை. படிவத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள்.

மூத்தவனையும் கூட்டிப் போங்கள். இந்தியாவில் கொடுத்த தடுப்பூசி அட்டையை எந்தக் காரணத்துக்காகவும் தொலைக்காதீர்கள். அங்கே ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6, 10, 14 ஆவது கிழமைகளில் போடுவார்கள். இங்கே 2, 4, 6 ஆவது மாதங்களில். அங்கே சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்துப் போடுவது 9 மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும். இங்கே கூவைக்கட்டையும் சேர்த்து 9 மாதத்திலும் 3 வயதிலும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இங்கே 12 மாதத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. இந்தியாவில் சில மாவட்டங்களில் மட்டுமே போடுகிறார்கள், உங்கள் மகனுக்குப் போட்டிருக்காமல் இருக்கலாம். அட்டை இருந்தால் எது விடுபட்டது என்று வைத்தியர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். தடுப்பூசிக்குக் குடியுரிமைப் பத்திரம் கேட்கமாட்டார்கள்.

குடியுரிமை என்றதும் ஒரு விடயத்தைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தரகர் அடுத்து அங்கேதான் வருவார். உங்கள் மகன் வெளிநாட்டில் பிறந்தவன். தாயோ தகப்பனோ இலங்கைக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி அவனும் வம்சாவளியால் இலங்கையனாகலாம். தாய் வழியாகவும் அந்த உரிமை 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. ஆனால் அது தானாக வந்து சேராது. பிறந்து ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தாண்டிவிட்டால் தகுந்த காரணம் காட்டி மேலதிகக் காலம் பெற வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்திருந்தால் அந்தப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். அது தூதரகப் பிறப்புப் பதிவு. குடியுரிமைச் சான்றிதழ் வேறு பத்திரம், அதைப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பெற வேண்டும். ஒன்று கையில் இருக்கிறது, போதும் என்று இருந்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பதறும் தாய்மார் பலர். நீங்களோ உங்கள் கணவரோ முகாமிலேயே பிறந்தவர் என்றால் முதலில் உங்கள் சான்றிதழ், பிறகுதான் பிள்ளையினுடையது. உங்கள் குடும்பம் மலையக வம்சாவளியாக இருந்து, 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தக் காலத்துக் குடியுரிமைச் சிக்கல் இன்னும் தீராமல் இருந்தால் கதை மறுபடி மாறும். அவர்களுக்காக 2003 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது, இந்தியாவில் இருந்தவர்களையும் சேர்க்க 2009 ஆம் ஆண்டில் அதைத் திருத்தினார்கள். இதில் நீங்கள் எந்த வகை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. தாத்தா பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் வரை எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

இங்கேதான் தரகர் குறுக்கு வழி ஒன்று சொல்வார். "பிள்ளை கொழும்பில் வீட்டில் பிறந்தது என்று எழுதி, காலங்கடந்த பிறப்புப் பதிவு போட்டுவிடலாம்" என்பார். தயவு செய்து அதற்குத் தலையசைக்காதீர்கள். அது பொய்ச் சத்தியம். பிள்ளைக்கு இரண்டு நாட்டில் இரண்டு பிறப்பு ஆகிவிடும். அடையாள அட்டை எடுக்கும் வயதில் அகப்படுவது அந்தப் பிள்ளை. பணம் வாங்கியவர் அப்போது தொலைபேசி இலக்கத்தையே மாற்றியிருப்பார்.

வதிவிடச் சான்றிதழும் அப்படியே. உண்மையான சான்றிதழில் கிராம உத்தியோகத்தரின், அதாவது நீங்கள் சொல்லும் கிராம சேவகரின், கையெழுத்தும், பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் இருக்கும். நீங்கள் அந்த உத்தியோகத்தரை ஒரு முறையேனும் நேரில் பார்க்காமல் ஒரு சான்றிதழ் வீடு தேடி வருகிறது என்றால் அந்த இறப்பர் முத்திரை எங்கே செய்தது என்று யோசியுங்கள். போலிப் பத்திரத்தைக் காட்டியவர் என்று பொலிஸ் புத்தகத்தில் ஏறுவது உங்கள் பெயர்தான். இன்னொரு வகைத் தரகர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்று சமாதான நீதவான் ஒருவரின் முத்திரையுடன் ஒரு தாள் கொண்டு வருவார், அதற்கும் பணம் கேட்பார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகைக் குத்தகையைப் பிரசித்த நொத்தாரிசு, அதாவது பத்திரம் எழுத அனுமதி பெற்ற சட்டத்தரணி, எழுதாவிட்டால் குத்தகையாக அது செல்லாது. 1840 ஆம் ஆண்டிலிருந்து சட்டம் அதுதான்.

உதவி என்ற பெயரில் வருபவர்களிடமும் கவனம் தேவை. உண்மையான தொண்டு நிறுவனம் உங்களிடம் பதிவுக் கட்டணம் கேட்காது, மூலப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளாது. பிரதி எடுத்துவிட்டு உங்கள் கண் முன்னாலேயே திருப்பித் தரும். முகாமில் உங்களுக்குப் பழக்கமான ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஒபர் என்று சொல்வார்களே, இலங்கையிலும் திரும்பி வந்தவர்களுக்குப் பத்திர விடயங்களில் உதவுகிறது. சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்களுக்குப் புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அது அரச நிறுவனம். வருமானம் குறைந்தவர்களுக்குப் பணம் வாங்காமல் வழக்குப் பேசும். புதுக்கடைத் தெருவில் உங்களைக் கண்டதும் ஓடி வந்து "அங்கே கூட்டம், நான் ஆளைக் காட்டுகிறேன்" என்று கையைப் பிடிப்பவர்களை உதறிவிட்டு நேரே உள்ளே போங்கள்.

வீட்டுக்காரரின் பயத்தையும் சொல்ல வேண்டும். கொழும்பில் தமிழருக்கு வீடு கொடுத்தவர்கள் பத்திரத்துக்குப் பயப்படக் காரணம் இருந்தது. 2007 ஜூனில் இந்த நகரத்தின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களை இரவோடிரவாகப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள்; உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது. அந்தக் காலத்துப் பொலிஸ் பதிவு நினைவு பலருக்கு இன்னும் போகவில்லை. இதற்கு மேல், வாடகைக்காரரின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறினால் வீடே கையை விட்டுப் போய்விடும் என்று வேறு நம்புகிறார்கள். போகாது. இடாப்பில் பெயர் இருப்பதால் யாருக்கும் வீட்டில் சொத்துரிமை வராது. இதை உங்கள் கணவர் அவரிடம் அமைதியாகச் சொல்லிப் பார்க்கட்டும். அவர் கடிதம் தராவிட்டாலும் கிராம உத்தியோகத்தர் நேரில் வந்து அறையைப் பார்த்து, அயலவரை விசாரித்து உறுதி செய்யலாம். அதைச் செய்ய அவருக்குக் கால் நோகிறது என்பதற்காக ஒரு குடும்பம் பெயரில்லாமல் இருக்க வேண்டியதில்லை.

இனி மாதா மாதம் வாடகைக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கொப்பித் தாளில் பாதி போதும்: திகதி, எந்த மாதத்துக்கு, எவ்வளவு, அறையின் முகவரி, அவருடைய கையெழுத்து. கையெழுத்து வைக்க மறுத்தால் வாடகையை வங்கிக் கணக்கில் போட்டுத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். முற்பணத்தை எழுத்தில்லாமல் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குறைந்தது கைத்தொலைபேசிச் செய்தியிலாவது அந்தத் தொகையைக் குறிப்பிட்டு அவரைப் பதில் எழுத வையுங்கள்.

ஒரு கிழமையில் வெளியேற்ற அவரால் முடியாது. மாத வாடகைக்கு ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும். அதன் பின்பும் நீங்கள் போகாவிட்டால் அவர் நீதிமன்றம்தான் போக வேண்டும். பூட்டு மாற்றினாலோ, சாமானை வெளியே வைத்தாலோ உடனே பொலிசில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். 1979 ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் இந்தத் தகராறு நீதவான் முன் போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் குடியமர்த்த உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்கு வந்துவிட வேண்டும். "இது சிவில் விடயம், போய் வா" என்று பொலிசில் சொன்னால் அந்தப் பிரிவின் இலக்கத்தைச் சொல்லுங்கள், அன்றே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

கிளினிக் அட்டை கிடைத்ததும் அதை அடையாள அட்டையுடன் ஒரே பையில் வையுங்கள். திடீரென்று வலியோ இரத்தப்போக்கோ வந்தால் முச்சக்கர வண்டி தேடி அலையாமல் 1990 இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பக்கத்திலுள்ள கோயிலையோ தேவாலயத்தையோ அடையாளமாகச் சொன்னால் அந்த ஒழுங்கைக்குள் வருவார்கள். பிள்ளை பிறந்ததும் 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள், அதற்கும் தரகர் தேவையில்லை.