அளவுக் கொப்பியில் உங்கள் பெயர்

அன்புள்ள அண்ணா,

தலவாக்கலையில் ஒன்பது வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். உதவிக்கு இரண்டு பெண்கள். தொடர்ந்து இரண்டு நாள் கடை அடைத்ததாக நினைவில்லை. இடுப்பு வலிக்குப் போனபோது, ஒரு வாரமாவது மெஷினைத் தொடாதீர்கள் என்றார் மருத்துவர். ஒரு நாள் அடைத்தால் நாலாயிரம் ரூபாய் போகும். வாடகை நிற்காது. அடுத்த கடைக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா? பௌர்ணமிப் போயா விடுமுறை தினத்தில்கூட கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே தைக்கிறேன். நீங்களும் கடை வைத்திருந்தவர். எப்படி ஓய்வெடுத்தீர்கள்?

எஸ்., தலவாக்கலை

அன்புள்ள தங்கைக்கு,

நான் ஓய்வெடுக்கவில்லை. பண்டாரவளையில் பதினொரு வருடம் எழுதுபொருள் கடை வைத்திருந்தேன். கடைசியில் காய்ச்சல்தான் என்னைப் படுக்கவைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஐந்து நாள் அடைப்பு. ஆறாம் நாள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். பேத்தியின் கொப்பிகளுக்காக இரண்டு தடவை பஸ் ஏறி வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். திட்டவில்லை. "ஒரு துண்டு எழுதி ஒட்டியிருக்கலாமே தம்பி" என்றார். அந்த ஐந்து நாளில் எவ்வளவு வியாபாரம் போனது என்பது மறந்துவிட்டது. பாட்டியின் பஸ் காசு மறக்கவில்லை.

உங்கள் நாலாயிரத்துக்கு வருகிறேன். அது எல்லா நாளும் நாலாயிரமா? தீபாவளிக்கு முந்திய வாரம் அடைத்தால் அதற்கு மேலும் போகும். பள்ளி தொடங்கும் முன் சீருடைத் துணியோடு வரிசை நிற்கும்போதும் அப்படித்தான். ஜூலையில்? மழை விடாமல் ஊற்றுகிறது, கல்யாணங்கள் குறைவு. நம் பக்கத் தோட்டங்களில் பெரும்பாலும் 10ஆம் திகதி சம்பளம், 25ஆம் திகதி முற்பணம். இடையில் 17 முதல் 24 வரை கடைக்கு என்ன வருகிறது என்று போன வருடத்துக் கொப்பியைப் புரட்டுங்கள். ஜிப் மாற்றுவது, கை சுருக்குவது, பாவாடை விளிம்பு மடிப்பது. அடைக்க அந்த எட்டு நாள்தான் சரி.

தேநீர்க் கடைக்காரருக்கு இன்று விற்காத பிளேன்டீ போனதுதான். உங்களிடம் வரவேண்டிய சட்டைத் துணியோ அலமாரியில் மடித்தபடியே இருக்கும். 25ஆம் திகதி கையில் காசோடு வரும். அப்படியும் மனம் கேட்காவிட்டால், எட்டு நாளுக்கு முழுதாக 32,000 என்றே வையுங்கள். தீபாவளி தொடங்கி சித்திரை வரைக்குமான சுறுசுறுப்பான நாட்களில் 80 நாளுக்குத் தலா 400 ரூபாய் ஒரு டின்னில் போட்டால் தொகை சேர்ந்துவிடும். அந்த டின்னை நூல் வாங்கத் திறக்காதீர்கள். நான் திறந்திருக்கிறேன்.

ஆளை மறுக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "தீபாவளி ஆர்டர் முடிந்தது" என்று பலகை வைப்பவர்தானே நீங்கள்? அதற்காக யாரும் உங்களோடு சண்டை பிடித்ததில்லை. அடுத்த வருடம் முந்தி வருகிறார்கள். ஜூன் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு ரசீதிலும் அடைப்புத் திகதியை எழுதுங்கள். அளவுக் கொப்பியில் 17ஆம் திகதிக்கு நேரே உங்கள் பெயரைப் போட்டு, எட்டு நாள் வேலை என்று குறியுங்கள். பிறகு யார் வந்து கெஞ்சினாலும் அந்த நாட்கள் ஏற்கெனவே ஒருவருக்கு ஒப்புக்கொடுத்தவை.

உதவிக்கு இருக்கும் பெண்களிடமும் இப்போதே பேசிவிடுங்கள். கடை, அலுவலக ஊழியருக்கென்று 1954இல் வந்த 19ஆம் இலக்கச் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாளும் ஆண்டுக்கு 14 நாளும் விடுமுறை தருகிறது. முதலாளிக்கு அதில் அரை நாள்கூட இல்லை. சட்டம் எழுதியவர்கள், முதலாளி என்றால் சாய்வு நாற்காலியில் இருப்பவர் என்று நினைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நம்மவர்கள் விடுமுறை என்றதும் வேன் பிடித்துச் சிவனொளிபாதமலை ஏறுகிறார்கள். 5,000க்கும் மேற்பட்ட படிகள். இறங்கிவந்து, வீங்கிய முழங்காலோடு மறுநாள் மெஷின் மிதிக்கிறார்கள். நல்ல வேளை, யாத்திரைக் காலம் வெசாக் போயாவோடு முடிந்துவிடும். ஜூலையில் உங்களை யாரும் இழுக்க முடியாது. தூங்குங்கள். மழை நாளில் தலவாக்கலையில் தூங்குவதைவிடச் சுகம் வேறென்ன இருக்கிறது?

16ஆம் திகதி மாலை மெஷினுக்கு எண்ணெய் விட்டு, உறை போட்டு மூடுங்கள். கடைச் சாவியை அக்காவிடமோ சித்தியிடமோ கொடுத்துவிடுங்கள். வீட்டில் வைக்க வேண்டாம். அந்தப் பாதி இறக்கிய கதவைப் பற்றிப் படித்த பிறகு உங்களிடம் சாவியை நம்பிவிட எனக்குத் துணிவில்லை.